சிரித்துக்கொண்டே சொன்ன மூன்று வார்த்தை

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான், ஏழுமலை. வயர்மேன். திருவண்ணாமலைப் பக்கம். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு.

யாதகிரி. அவனும் வயர்மேன். நல்கொண்டா பக்கத்து ஆள், பேச்சு தெலுங்கு. ஹைதராபாத் குஷாய்குடாவில் எனக்குப் பக்கத்துத் தெரு. பதினோரு வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே டூல் பை.

ரஹீம் பாய். ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

சௌம்யா மேடம். கம்பெனியில் கட்டட வேலைகளைப் பார்க்கிறவர். கோயம்புத்தூர்ப் பெண். யாராவது இங்கிலீஷில் சொன்னால் எனக்குத் தமிழிலும் மற்றவர்களுக்குத் தெலுங்கிலும் சொல்வது அவர்தான்.

பீட்டர் சார். யு.பி.எஸ். மாட்டுவதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த எஞ்சினியர். எங்கள் பெயர் எதுவும் அவர் வாயில் வராது. எல்லாரும் அவருக்கு 'மை ஃப்ரெண்ட்'.

வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. செக்யூரிட்டி கேட்டில் இருந்தான், அவன் கணக்கில் வரமாட்டான்.

உங்களில் பாதிப் பேர் வேலூர், சேலம் ஐ.டி.ஐ.யிலிருந்து நேராக இங்கே வந்தவர்கள். தமிழில் எழுதிக் கொடு, பையன்கள் படிப்பார்கள் என்று கான்ட்ராக்டர் சொன்னார். ஷாக் அடித்தால் என்ன செய்வது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அது பேனல் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது இங்கிலீஷைப் பற்றி.

நாச்சாரத்தில் பேனல் செய்கிற பட்டறையில் இருந்தவரைக்கும் எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. முதலாளி தெலுங்கில் திட்டுவார். நாங்கள் தெலுங்கில் பதில் சொல்வோம். பிறகு மாதாப்பூர் பக்கம் பாறையை உடைத்துக் கண்ணாடிக் கட்டடமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் கான்ட்ராக்டருக்கு ஒரு கட்டடம் கிடைத்தது. கரண்ட் வேலை முழுக்க எங்களுடையது. அங்கே போன முதல் வாரமே தெரிந்துவிட்டது, இந்த ஊரில் இனி காதும் ஒரு டூல் என்று.

வார்த்தை தெரியாமல் இல்லை. பவர், லோட், ஸ்விட்ச், ஆன், ஆஃப், டைம் எல்லாம் தெரியும். தனித்தனியாகத் தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்து அவர்கள் வேறு ஏதோ சொல்வார்கள். மானேஜர் ஒருத்தர் எந்த வேலை சொன்னாலும் கடைசியில் 'பீஸ் ஆஃப் கேக்' என்பார். ரஹீம் பாய் ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தார்.

"க்யா மியா, தினம் கேக் கேக்னு சொல்றார். ஒரு நாளும் கொண்டு வரல. கைக்கு, எதுக்கு சொல்லணும்?"

"சுலபமான வேலைன்னு அர்த்தமாம் பாய். மேடம் சொன்னாங்க."

"சுலபமா? மூணு நாளா முதுகு உடையுது. அவர் கேக்க அவரே திங்கட்டும். நமக்கு நக்கோ, வேணாம்."

யாதகிரி ஸ்டூலின் மேல் நின்று சிரித்ததில் டெஸ்டர் கீழே விழுந்தது.

இப்படி நிறைய. 'லூப்பில் வையுங்கள்' என்றால் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 'கார்னர் கட் பண்ணாதே' என்றால் வேலையில் ஏமாற்றாதே. 'இன்றைக்கு கால் இட் எ டே' என்றால் மூட்டை கட்டு, வீட்டுக்குப் போ. இதெல்லாம் மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மேடம் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது சுலபம். பேசின ஆளிடமே கேட்கமாட்டோம். வெட்கம்தான், வேறென்ன. நாற்பது வயதுக்கு மேல் ஆன ஆள், கையில் மெகர் மீட்டர், பின்னால் ரெண்டு ஹெல்பர். சின்னப் பையன் ஒருத்தன் லேப்டாப்போடு வந்து சொல்வதைப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தானாக வந்தது. பேசுகிறவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறானோ அவன் எல்லாருக்கும் சேர்த்து 'ஓகே சார்' சொல்வான். மற்றவர்கள் அவன் புரிந்துகொண்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். அவன் புரிந்துகொண்டது எப்படி? முகத்தைப் பார்த்து. இதில் ரஹீம் பாய் பெரிய ஆள்.

"பேச்சை விடு. நெத்தியைப் பாரு. சுருங்கினா நிறுத்து. சிரிச்சா பண்ணு" என்பார்.

தப்பாகவும் போகவில்லை. நான்கு வருஷம் முகத்தைப் பார்த்தே வேலை செய்தோம். ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் நீளமாக ஏதோ சொன்னார். நெற்றி சுருங்கியது. நான் கையை எடுத்தேன். அந்த வயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தப் பழக்கத்தின் மேல் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. பழக்கம் சரியாகப் போன நாள்கள்தான் ஆளைக் கெடுக்கிறவை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பழைய யு.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டுப் புதியதை லைனில் சேர்க்க வேண்டும். மேலே நாலாவது மாடியில் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்கள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அத்தனையும் நின்றுபோகும்.

இடத்தைச் சொல்கிறேன். பேனல் ரூம் உள்ளே. ஜெனரேட்டர் வெளியே, முற்றத்தில். கரண்ட் லைன் போடுகிற ஹேண்டிலும் வெளியேதான், ஜெனரேட்டர் பக்கத்தில். நடுவில் சுவர். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது. அதற்காகத்தான் போர்டு. 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதின தகரம். உள்ளே போகிறவன் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனே கழற்ற வேண்டும். வேறு எவன் கையும் அதில் படக்கூடாது.

யாதகிரி மாட்டிவிட்டுப் போனான். நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"அயிபோயிந்தி அன்னா" என்றான். முடிந்தது என்று அர்த்தம். போர்டைக் கழற்றித் தரையில் வைத்தான். பாட்டில் தண்ணீரைக் குடித்தான், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"சீக்கிரம் போடு அன்னா. மட்டன் வாங்கணும். பதினொண்ணுக்கு மேல போனா கடைக்காரன் எலும்புதான் வெட்டித் தருவான்."

"உன் வீட்ல எலும்பு திங்கிறவன் நீதானே."

"அதுக்குப் பல்லு இருக்கு அன்னா. உனக்கு இருக்கா?"

ரஹீம் பாய் கூப்பிட்டார். ஜெனரேட்டர் டீசல் பைப்பில் ஒரு கசிவு. நான் அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்தேன். துணி கட்டி இறுக்கினேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். அந்த ரெண்டு நிமிஷத்தில் பீட்டர் சார் உள்ளேயிருந்து யாதகிரியைக் கையசைத்துக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு போல்ட் அவருக்குத் திருப்தியாக இல்லை. யாதகிரி ஸ்பேனரோடு உள்ளே போயிருக்கிறான். ஒரே ஒரு போல்ட்தானே என்று போர்டை மாட்டவில்லை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் நிமிர்ந்தபோது அவன் இல்லை. கேட் பக்கம் போயிருப்பான், மட்டன் கடைக்கு போன் செய்வான் என்று நினைத்தேன். போர்டு தரையில் கிடந்தது.

மேலேயிருந்து சௌம்யா மேடம் போன் செய்தார். அமெரிக்காக்காரர்களுக்குப் பதில் சொல்ல அவர் நாலாவது மாடிக்குப் போயிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இன்னும் பன்னெண்டு நிமிசம்தானுங்க பேட்டரி இருக்குது. அமெரிக்காவுலருந்து மூணு பேரு லைன்ல இருக்கறாங்க. என்னைய பிச்சு எடுக்கறாங்கண்ணா. பீட்டரைக் கேட்டுட்டு உடனே போட்டுருங்க."

"சரிங்க மேடம்."

அந்தச் சமயம் பீட்டர் சார் வெளியே வந்தார். ஒரு கையில் டார்ச். ஒரு கையில் மீட்டர். முகம் சிவந்து வேர்த்திருந்தது. நான் ஹேண்டிலைக் காட்டினேன்.

"சார், பவர் ஆன்?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. டார்ச் வைத்திருந்த கையாலேயே என் தோளைத் தொட்டார்.

"பேர் வித் மீ, மை ஃப்ரெண்ட். பேர் வித் மீ."

"ஓகே சார்" என்றேன்.

"தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. எனக்குப் புரியவே இல்லை. புரியவில்லை என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். 'மை ஃப்ரெண்ட்' மட்டும்தான் புரிந்தது. ஆனாலும் ஓகே சொன்னேன். நான் ஓகே சொன்னதும் அவர் நிம்மதியாக உள்ளே போனார். அவர் சிரித்ததும் நான் நிம்மதியானேன்.

ரஹீம் பாய் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "க்யா போலே?"

"போடலாம்னாரு" என்றேன்.

"ஹவ், ஆமா, சிரிச்சார். நானும் பார்த்தேன்."

ஹேண்டிலைத் தூக்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். கதவிடுக்கில் வெள்ளையாக வெளிச்சம் வந்து போனது. ஹேண்டில் தானாகக் கீழே விழுந்தது. பிறகு பீட்டர் சாரின் குரல். அது எந்தப் பாஷையும் இல்லை.

நான் உள்ளே போனபோது அவர் யாதகிரியின் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கையும் எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. யாதகிரி முகத்தை மூடியிருந்தான். மூடியிருந்த கைகளைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் தெலுங்கில் அம்மாவைக் கூப்பிடவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. "அன்னா, யார் போட்டது? அன்னா, யார் போட்டது?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

ரஹீம் பாய் ஆம்புலன்சுக்கு ஓடினார்.

யாதகிரி பிழைத்தான். இடது கண் போனது. கைகள் ரெண்டும் வெந்து, ஆறும்போது விரல்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்துத் தைத்தார்கள். மறுபடி ஒட்டின. ஸ்பேனர் இனி பிடிக்க முடியாது என்று டாக்டர் பத்மாவிடம் சொன்னார். பத்மா அவன் மனைவி. அவள் ஸ்பேனரைப் பற்றிக் கேட்கவில்லை. "சோறு பிசைய முடியுமா?" என்று கேட்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாலாம் நாள் விசாரணை. கண்ணாடி ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சௌம்யா மேடம் நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. பீட்டர் சாரை முந்தின நாளே தனியாகக் கேட்டு முடித்துவிட்டார்கள்.

"பீட்டர் உங்களை லைன் போடச் சொன்னாரா?"

"சொன்னார்."

"அவர் காத்திருக்கச் சொன்னதாகச் சொல்கிறார்."

"இல்ல மேடம். கையைக் காட்டிக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னாரு. தோளைத் தட்டினாரு. தேங்க் யூ கூடச் சொன்னாரு."

மேடம் அதை இங்கிலீஷில் சொன்னார். என்ன வார்த்தை சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். சத்தம் காதில் அப்படியே இருந்தது. அவர்கள் ரஹீம் பாயைக் கூப்பிட்டார்கள். சிரித்தாரா? சிரித்தார். ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னோம். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் பீட்டர் சாரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையும் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். கையில் கட்டோடு போனார். போகும்போது லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொய் சொல்கிற ஆள் என்று நினைத்தேன். மனதாரத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் யாதகிரியிடமும் அப்படித்தான் சொன்னேன். "போடச் சொல்லிட்டு இப்ப இல்லைன்றான்." அவன் அந்த வெள்ளைக்காரனைத் திட்டுவான். தினமும் திட்டுவான். திட்டும்போது வலி குறைகிற மாதிரி இருந்தது. நானும் சேர்ந்து திட்டுவேன். பத்மாவும் திட்டுவாள். மூன்று பேரும் திட்டி முடித்துவிட்டு அவனுக்குச் சோறு ஊட்டுவோம்.

யாதகிரி இல்லாததால் சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது. அவனுக்கு வர வேண்டியது. சூப்பர்வைசர் என்றால் இங்கிலீஷ் பேச வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். அமீர்பேட்டில் சேர்த்துவிட்டார்.

அமீர்பேட் உங்களுக்குத் தெரியும். அப்போது மெட்ரோ இல்லை. படிக்கட்டு முழுக்க ஜாவா, ஆரக்கிள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் காலை ஆறரைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். முப்பது பேர். எல்லாம் கால் சென்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள். நான்தான் வயதானவன். என்னை அங்கிள் என்பார்கள். கடைசி பெஞ்ச். டீச்சர் தெலுங்குப் பெண். தினமும் பத்து வாக்கியம் போர்டில் எழுதுவார். இங்கிலீஷ்காரர்கள் அடிக்கடி சொல்கிறவை. அர்த்தம் சொல்வார். எல்லாரும் எழுந்து சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. நான்கு வருஷமாகக் காதில் விழுந்தவைக்கெல்லாம் ஒவ்வொன்றாக அர்த்தம் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வந்தது.

மூன்றாவது வாரம். போனில் பேசும் முறை பற்றிய பாடம். டீச்சர் போர்டில் எழுதினார். எழுதியதைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. அவர் வாயால் சொன்னபோதுதான் தெரிந்தது.

"பேர் வித் மீ."

என் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"கஸ்டமரைக் காக்க வைக்கிறப்ப இதைச் சொல்லணும். ஆனா ஒண்ணு. சிரிச்சுக்கிட்டே சொல்லணும். போன்தானேன்னு விடாதீங்க, சிரிப்பு குரல்ல தெரியும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க."

முப்பது பேரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

நான் எழுந்தேன். "மேடம், அதுக்கு 'சரி, பண்ணுங்க'ன்னு அர்த்தம் வருமா?"

"வராது அங்கிள். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அவ்வளவுதான்."

"எங்கேயாவது? யாராவது? இங்கிலாந்துக்காரங்க சொன்னா?"

"அவங்கதான் அங்கிள் அதிகம் சொல்வாங்க. பொறுங்கன்னுதான் அர்த்தம்."

"பொறுங்கன்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் சிரிக்கணும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார் போல.

"காக்க வைக்கிறோம் இல்லையா அங்கிள். அது நம்ம தப்பு. அதுக்காகச் சிரிக்கிறது" என்றார்.

பாடம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது எழுந்து நானும் சொன்னேன். சிரிக்கச் சொன்னார். முடியவில்லை என்றேன். விட்டுவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கான்ட்ராக்டரிடம் போனேன். சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசம் ஆச்சு ஏழுமலை. ஃபைல் மூடியாச்சு. இப்ப எதுக்கு? உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். உனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். தெரியாதுதானே உனக்கு?"

"நேத்து வரைக்கும் தெரியாது."

"நாளைக்கும் தெரிய வேணாம்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சொல்வதால் யாதகிரிக்குக் கண் வராது. பீட்டர் சார் கடல் தாண்டி இருக்கிறார், இன்னொரு வேலை தேடியிருப்பார். எனக்கு ரெண்டு பிள்ளைகள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் மாறாது. ஒரே ஒரு விஷயம்தான். அவர் சொன்ன வார்த்தையை அவர் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

நாலாவது பஸ்ஸில் ஏறி சௌம்யா மேடத்திடம் போனேன். அவரிடமும் சொன்னேன்.

"அன்னைக்கு விசாரணையில என்ன வார்த்தைன்னு நான் கேட்டிருக்கோணுங்கண்ணா. எனக்குத் தோணவே இல்லீங்க."

"நீங்க கேட்கலை. நான் சொல்லலை. எழுதுங்க மேடம்."

எழுதினார். நான் சொன்ன மாதிரியே. அவர் பொறுக்கச் சொன்னார், எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி ஓகே சொன்னேன், லைன் போட்டது நான். கம்பெனிக்கு ஒன்று. பீட்டர் சாருக்கு ஒன்று, அவர் பழைய கம்பெனி வழியாக. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. சூப்பர்வைசர் வேலையை மட்டும் எடுத்தார்கள். அது சரிதான்.

பிறகு யாதகிரி வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். பத்மா அவனுக்கு டீயை டம்ளரில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவன் குடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. குடித்து முடித்தான். பத்மா வாயைத் துடைத்துவிட்டாள்.

"ஏன் சொன்னே அன்னா?" என்றான்.

"தெரிஞ்சுது. சொன்னேன்."

"எட்டு மாசமா அவனைத் திட்டினேன். அவன் எங்கேயோ இருக்கான். எனக்கு அது சுலபமா இருந்துச்சு. நீ பக்கத்துத் தெருவுல இருக்கே. காலைல பால் வாங்கப் போனா நீ நிக்கறே. கோயிலுக்குப் போனா நீ நிக்கறே. உன்னை நான் எப்படித் திட்டறது?"

"திட்டு யாதகிரி."

"வரல அன்னா."

குனிந்து மடியைப் பார்த்தான். கைகள் மடியில் இருந்தன.

"புரியலைன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு? நான் உள்ளே இருந்தேனே அன்னா."

பத்மா எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். போ என்று வாயால் சொல்லவில்லை. நான் வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். இன்டர்நெட்டில் எல்லா அர்த்தமும் இருக்கிறதாம். ஆனால் எவ்வளவு படித்தாலும் நாளைக்கு ஒருத்தர் புதிதாக ஒன்று சொல்வார். அது உங்கள் நோட்டில் இருக்காது. அப்போது முகத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு மாதிரி சிரிக்கிறார்கள். வெட்கத்துக்கும் சிரிக்கிறார்கள், பயத்துக்கும் சிரிக்கிறார்கள், மன்னிப்புக் கேட்கவும் சிரிக்கிறார்கள். ஹேண்டிலில் கை வைத்திருக்கிறவன் 'புரியவில்லை' என்று சொல்ல வேண்டும். அதற்கு இங்கிலீஷ் வேண்டாம். தலையை ஆட்டி, கையை எடுத்துவிட்டால் போதும்.

பிறகு நான் செய்து பார்த்திருக்கிறேன். சில வருஷம் கழித்து ஒரு அமெரிக்காக்காரர் வந்தார். பேனல் முன்னால் நின்று ஏதோ சொன்னார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதி புரியவில்லை. கையை எடுத்துவிட்டு, புரியவில்லை என்றேன். அவர் மறுபடி சொன்னார். மறுபடி புரியவில்லை என்றேன். மானேஜர் வரவேண்டியதாகிவிட்டது. ஒரு மணி நேரம் வேலை நின்றது. எல்லார் முன்னாலும் மானேஜர் கேட்டார், "இத்தனை வருஷமா இங்கே என்ன கிழிச்சே?" பின்னால் ஹெல்பர்கள் நின்றார்கள். அசிங்கமாகத்தான் இருந்தது. கடைசியில் பார்த்தால் அந்த ஆள் சொன்னது, வேலை நன்றாகப் போகிறது என்று. ஆபத்தான விஷயமே இல்லை. ஒரு மணி நேரம் வீண். இருக்கட்டும். அன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது.

நான் யாதகிரியிடம் சொல்லி ரெண்டு மாசம் இருக்கும். சௌம்யா மேடம் கூப்பிட்டார். பீட்டர் சாரிடமிருந்து பதில் வந்திருந்தது. பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். படித்துச் சொல்லவா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன், அவர் பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்களே படிங்கண்ணா. நீங்க படிக்கோணும்னுதான் இப்படி எழுதியிருக்காருங்க."

மூன்று வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஐ ஷுட் ஹேவ் செட் வெயிட். ஐ ஆம் சாரி. ஹவ் இஸ் யாதகிரி?'

பொறு என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு. யாதகிரி எப்படி இருக்கிறான்?

யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாதகிரி பெயரைச் சரியாக எழுதியிருந்தார்.

முதல் ரெண்டு வரிக்குப் பதில் தேவையில்லை. மூன்றாவது கேள்வி. பதில் எழுத வேண்டும். ஆளைப் பார்க்காமல் எப்படி எழுதுவது? பொய்யாக எதையும் எழுத எனக்கு மனமில்லை. அன்று சாயங்காலமே போனேன். வாசலில் அவன் செருப்பு இருந்தது. பத்மா ஜன்னலைத் திறந்தாள்.

"ஊர்ல இல்லை அன்னா."

"எப்ப வருவான்?"

"தெரியாது."

அடுத்த வாரம் போனேன். அதே பதில். ஒரு தடவை உள்ளே இருமல் கேட்டது. அவனுடையதுதான். பதினோரு வருஷம் கேட்ட இருமல். "யாதகிரி, பீட்டர் சார் கேட்டிருக்கார்டா, நீ எப்படி இருக்கேன்னு. என்னன்னு எழுத?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். இருமல் நின்றது. பத்மா ஜன்னலைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகும் போனேன். ஒரு வருஷத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு நல்கொண்டா பக்கம் போய்விட்டார்கள். விலாசம் யாரிடமும் சொல்லவில்லை.

பீட்டர் சாருக்கு நான் பதில் எழுதவில்லை.

அந்தக் கதவு முன்னால் நான் போய் நின்றது இருபத்துமூன்று தடவை.